வெறும் அறை, ஒரு நிமிடம்

போன வெள்ளிக்கிழமைதான் அவள் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்திருந்தாள். வேண்டாத பழைய பதிவுகளையெல்லாம் அழித்து அறுபது ஜிபி காலியாக்கிவிட்டேன் என்று அன்று சாயங்காலம் கணவனிடம் பெருமையடித்துக்கொண்டதும், அப்படியே நம்ம பீரோவையும் காலி பண்ணேன் என்று அவன் சொன்னதும் நன்றாக நினைவிருந்தது. இன்று செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று பத்துக்குத் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, சேமிக்க இடமில்லை என்றது.

சரி என்பதை அழுத்தினாள். பெட்டி போனது. மறுபடி சேமித்தாள். பெட்டி மறுபடி வந்தது.

நான்கு நாளில் அறுபது ஜிபியை எது தின்றிருக்கும் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் வேலைக்கு அவ்வளவு இடம் தேவைப்படாது. ஒலிப்புத்தகங்களைச் சுத்தம் செய்கிறவள் அவள். யாரோ ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பார். அந்தப் பதிவு இவளிடம் வரும். எச்சில் விழுங்கும் சத்தம், பக்கம் புரளும் சத்தம், நாற்காலியின் முனகல், தூரத்தில் போன லாரி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குரலை மட்டும் மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்புவாள். இன்றைக்கு அனுப்ப வேண்டியது ஒன்பது மணி நேரப் புத்தகம். ஆறு மணிக்குள் போயாக வேண்டும். கடைசி இரண்டு அத்தியாயங்கள் பாக்கி.

வெளியே மழைக்கு மூடிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் மேஜைமேல் கிடந்தது. காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தினாள், தன்னையறியாமல் மறுபடி ஆட்டினாள்.

ஹெட்ஃபோனின் இடது காதில் மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல, அப்படி இல்ல." கொஞ்சம் இடைவெளி. "இன்னொரு தடவ சொல்லு." மறுபடி இடைவெளி. "ம். இப்ப கொஞ்சம் பரவாயில்ல."

டீச்சர் விளையாட்டு. வாலுவுக்கு ஆறு வயது. வாலு என்பது அவள் அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் பெயர் அவளுக்கே சில நேரம் மறந்துவிடும். இன்று லேசாகக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. பக்கத்து அறையில், அவள் கட்டிலுக்கு மேலிருக்கும் பலகையில் ஒரு சின்ன மைக் இருந்தது. அங்கே கேட்கும் ஒவ்வொரு சத்தமும் இந்த ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும்.

அந்த மைக்குக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய வீட்டில், இதேபோல ஒரு காய்ச்சல் நாளில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. நடுவில் ஒரே ஒரு சுவர். இவள் காதை மூடிக்கொண்டு யாரோ ஒருவரின் மூச்சுச் சத்தத்தை நீக்கிக்கொண்டிருந்தாள். கணவன் வந்து அறைக்கதவைத் திறந்தபோது குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எத்தனை நிமிஷமா இப்படி இருக்கா? அவளுக்குப் பதில் தெரியவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் கேள்வி மட்டும் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. இனி ஒருமுறை தன் பிள்ளை இருக்கும் அறையில் தனக்குக் கேட்காமல் எதுவும் நடக்கக்கூடாது. அதற்காகத்தான் அந்த மைக். இரவும் பகலும் அது அணைவதில்லை.

ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டாள். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். எட்டு வருடப் பழக்கம்.

"அண்ணே, டிஸ்க் ஃபுல்லுங்குது."

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜும் அதையேதான் சொல்லுது. என்னத்தப் போட்டு வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்லண்ணே. வெள்ளிக்கிழமைதான் எல்லாத்தையும் அழிச்சேன்."

"குப்பைத்தொட்டியில போட்டா வீட்ட விட்டுப் போச்சுன்னு அர்த்தமா? தொட்டியக் கொட்டினியா?"

"கொட்டிட்டேன்."

"அப்ப இப்படிப் பண்ணு. ஒவ்வொரு ஃபோல்டரா தொறந்து பொழுத வீணாக்காத. மொத்த டிஸ்க்லயும் தேடு. ஒரு ஜிபிக்கு மேல இருக்கறத மட்டும் காட்டச் சொல்லு. சைஸ் வாரியா அடுக்கு, பெருசு மேல வரட்டும். திருடன் மொதல் வரியிலயே நிப்பான்."

தேடல் ஓடியது. பட்டியல் ஒவ்வொரு வரியாக நிரம்பியது. முதல் நான்கு வரிகளும் ஒரே ஃபோல்டரிலிருந்து வந்தவை. நாள் வாரியாகப் பார்த்தாள். சனிக்கிழமை, பதினோரு ஜிபி. ஞாயிறு, பதினாலு. திங்கள், பத்தொன்பது. இன்றைய தேதியிட்டது இப்போதே பதினாறு.

"நீக்கியவைன்னு ஒரு ஃபோல்டர்ணே. நான் வெச்ச பேர் இல்ல."

"சத்தம் எடுக்கற சாஃப்ட்வேர் தானா வெச்சுக்கறது அது. எடுத்ததத் தூக்கிப் போடவா, வெச்சுக்கவான்னு ஆரம்பத்துல ஒரு கேள்வி கேக்கும். நீதான் காலி டப்பாவக்கூடத் தூக்கிப் போட மாட்டியே. வெச்சுக்கன்னு டிக் போட்டிருப்ப."

"உள்ள என்ன இருக்கும்?"

"என்ன இருக்கும், குப்பைதான். ஸ்ஸ்ஸுன்னு கேக்கும். அழிச்சுட்டு ஆறு மணிக்குள்ள அனுப்பற வழியப் பாரு. லேட்டாச்சுன்னா வாசிச்சவர் எனக்குப் போன் பண்ணி, முழுப் புத்தகத்தையும் மறுபடி வாசிச்சுக் காட்டுவாரு."

சிரித்தபடியே போனை வைத்தாள். சனிக்கிழமையை அழித்தாள், தொட்டியைக் கொட்டினாள். பதினோரு ஜிபி காலியானது. ஒரு அத்தியாயத்தைச் சேமித்தாள். கணக்குப்படி வேலை முடிந்தது, மிச்ச மூன்றையும் அழித்துவிட்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் கை போகவில்லை.

அந்த மைக்கின் சத்தத்தை அவள் பச்சையாகக் கேட்பதில்லை. பச்சையாகக் கேட்டால் மின்விசிறியும் சுவருக்குள் ஓடும் தண்ணீரும் சேர்ந்து குழந்தையின் மூச்சை மறைத்துவிடும். அதனால் வேலைக்குப் பயன்படுத்தும் சாஃப்ட்வேரையே நடுவில் வைத்திருந்தாள். அதற்கு எதை நீக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஒரு வழி உண்டு. யாருமில்லாத அறையில் மைக்கை வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை அதற்குக் கொடுத்து, இதுதான் ஒன்றுமில்லாத நிலை, இதைப்போல எது வந்தாலும் எடுத்துவிடு என்று சொல்ல வேண்டும். சொன்னபடி செய்யும். கேள்வி கேட்காது.

நான்கு மாதத்துக்கு முன்னால், சாமான்கள் இன்னும் லாரியில் இருக்கும்போதே, அவள் இந்த வீட்டுக்குள் மைக்கோடு வந்தாள். வீட்டிலேயே அமைதியான அறை பக்கத்து அறைதான். தெருச் சத்தம் எட்டாது. சுவரோடு சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய அலமாரி மட்டும் அங்கே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்று, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் பதிவு செய்தாள். வெறும் அறை என்று அந்தப் பதிவுக்குப் பெயர் வைத்தாள். அவ்வளவு அமைதியான அறை தனக்கெதற்கு, குழந்தை தூங்கட்டும் என்று பிறகு கட்டிலை அங்கே போட்டார்கள்.

நீக்கியவை ஃபோல்டரை முழுதாகத் திறந்தாள். நாளுக்கு ஒரு ஃபைல், நான்கு மாதத்துக்கும். முதல் மாதத்து ஃபைல்கள் கைக்குழந்தை போலச் சின்னதாக இருந்தன. பிறகு மெல்ல மெல்லப் பெருத்தன. போன வாரம்வரை ஒரு ஜிபியைத் தொடவில்லை. பிறகு சனி, ஞாயிறு, திங்கள்.

இது அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த வகை ஃபைலில் மௌனம் சுருங்கிக் கிடக்கும், இடமே பிடிக்காது. சத்தம்தான் இடம் கேட்கும். மின்விசிறி அதேதான். தண்ணீர்க் குழாய் அதேதான். நான்கு மாதமாக எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த அறையில் நீக்கப்பட வேண்டியது மட்டும் நாளுக்கு நாள் அதிகமாகியிருக்கிறது.

திரையின் கீழ் ஓரத்தில் காலி இடத்தின் எண் சிறிதாகத் தெரிந்தது. கடைசி இலக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது. நின்றது. இறங்கியது.

இடது காதில் மகள் சொன்னாள், "இப்ப முழுசா சொல்லு, நிறுத்தாம." எண் நின்றிருந்தது.

மகள் பேசி முடித்தாள். எண் இறங்கியது. மளமளவென்று, ஏழு எட்டு எண்ணும் நேரத்துக்கு.

"நல்லாருக்கு," என்றாள் மகள். எண் நின்றது.

மகள் மௌனமானாள். எண் இறங்கியது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஹெட்ஃபோன் வயர் கழுத்தில் சுற்றி இழுத்தது, கழற்றி மேஜைமேல் போட்டாள். நடைவழியில் எட்டு அடி. கதவைத் திறந்தபோது வாலு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வீட்டுக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். மெழுகுக் குச்சியின் வாசனை, காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனை. அலமாரி மூடியிருந்தது. அதற்கும் சுவர் மூலைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம், அங்கே எப்போதும் போல நிழல்.

"யார்கூடப் பேசற?"

"பாடம் எடுக்கறேன்."

"யாருக்கு, கரடிக்கா?"

"அதுக்கு எங்க பேசத் தெரியும்?" வாலு தலையைத் தூக்கவில்லை.

"அப்ப யாருக்கு?"

"அது சொல்லக்கூடாதும்மா. முழுசா வந்தப்புறம் சொல்றேன். ழ மட்டும்தான் பாக்கி."

"உனக்கே ழ இப்பதான்டி வந்துது."

"அதான் எனக்குச் சொல்லித்தரத் தெரியுது."

அவளால் சிரிக்க முடிந்தது. நெற்றியில் கை வைத்தாள். சூடு குறைந்திருந்தது. "தண்ணி குடிச்சியா?"

"ம்."

"ஆறு மணிக்கு அம்மா வந்துடறேன். எதுன்னாலும் கூப்பிடு. எனக்குக் கேக்கும்."

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிகூட இல்லாததுபோலத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அது சுற்றுவது தெரிந்தது. பழகிய சத்தத்தைக் காது எடுத்துப் போட்டுவிடுகிறது. நான்கு மாதமாக இந்த வீட்டில் இருக்கிற காது. அந்த எண்ணத்தை முடிக்காமலே கதவைச் சாத்திக்கொண்டு திரும்பினாள்.

எதையும் கேட்காமல் அழிப்பதில்லை என்பது அவள் தொழில் பழக்கம். பத்து வினாடியாவது கேட்பாள். அந்தப் பழக்கத்தை இன்று சனிக்கிழமையின் விஷயத்தில் மீறியது உறுத்திக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனைப் போட்டாள். இடது காது மகளுக்கு. நீக்கியவற்றை வலது காதுக்கு மட்டும் வரும்படி வைத்தாள்.

முதல் மாதம். அண்ணன் சொன்னது போலவே ஸ்ஸ்ஸ். அடியில் மின்விசிறியின் மெல்லிய துடிப்பு. உடம்பு தளர்ந்தது.

இரண்டாம் மாதம். அதே ஸ்ஸ்ஸ், ஆனால் அதற்கு ஒரு வடிவம் வந்திருந்தது. எழுந்தது, நின்றது, தணிந்தது. அவள் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மூச்சுகளை வெட்டி எடுத்தவள். இது மூச்சில்லை. மூச்சு எங்கே வர வேண்டும் என்று பழகிப் பார்க்கும் ஏதோ ஒன்று.

மூன்றாம் மாதம். ஒரே ஓர் எழுத்து. அ. நீண்ட இடைவெளி. அ. ராத்திரி பூராவும், இடைவெளி மாறாமல், களைப்பில்லாமல். அ.

இடது காதில் வாலு ஏதோ முணுமுணுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எண் நின்றிருந்தது. அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நேற்றையதைத் திறந்தாள். திங்கள், காலை பத்தரை. வாலு பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். கணவன் வேலைக்குப் போயிருந்த நேரம். இவள் இந்த மேஜையில், இந்த நாற்காலியில், தனியாக.

"தண்ணி குடிச்சியா?"

அவள் குரல்.

சாஃப்ட்வேர் தவறுதலாகத் தன் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நடப்பதுண்டு. பதற்றத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. பிறகு மறுபடி கேட்டது.

"தண்ணி குடிச்சியா?" கொஞ்சம் வேகமாக. "தண்ணி குடிச்சியா?" கடைசி எழுத்தை இழுத்து. "தண்ணி குடிச்சியா?" தூக்கக் கலக்கத்தில் சொல்வது போல. யாருமில்லாத அறையில் அவள் குரல், ஒரே வாக்கியத்தை, புடவைக் கடையில் ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார்ப்பதைப் போல, நாற்பது நிமிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெறும் அறை என்று அவள் பதிவு செய்த அந்த ஒரு நிமிடத்திலும் இது அங்கே இருந்திருக்கிறது.

கணவனுக்குப் போன் செய்தாள். லிஃப்ட் மெக்கானிக் அவன். ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுவது போலப் பேசினான்.

"என்ன, ஜுரம் ஏறிடுச்சா?"

"இல்ல. ஏங்க, வாலு ரூம்ல நீங்க எப்பவாச்சும் எதாவது கேட்டிருக்கீங்களா?"

"எது? எலியா?"

"பேச்சுச் சத்தம்."

"அவ வாய்தான் ஒரு நிமிஷம் மூடாதே. அம்மாவும் பொண்ணும் சேர்ந்தா கேக்கவே வேணாம். காலைல நான் கிளம்பறப்பகூட உள்ள உக்காந்து அவளுக்குக் கதை சொல்லிட்டிருந்தியே. நடுவுல வந்து கெடுக்க வேணாம்னு சொல்லாமலே வந்துட்டேன்."

காலையில் அவன் கிளம்பும்போது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது செருப்பு வைக்கும் இடம் காலியாக இருந்தது. சொல்லாமல் போய்விட்டாரே என்று ஒரு சின்னக் கோபம்கூட வந்தது.

"என்ன கதைங்க?"

"என்னமோ. ஒரு வீட்ல ரெண்டு அம்மா இருந்தாங்களாம், அதுல ஒண்ணு..." குழிக்குள் இரும்பு உரசியது. "இரு, ஆள் கூப்பிடறான். சாயங்காலம் பேசலாம்."

போன் அடங்கியது. மழை தொடங்கியிருந்தது. அறை இருட்டிவிட்டது, திரையின் வெளிச்சத்தில் தன் இரண்டு கைகளும் யாருடையவோ போலத் தெரிந்தன. எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதை நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் விரல் இன்றைய ஃபைலைத் திறந்துவிட்டது. தான் அந்த அறைக்குள் போன நேரத்துக்கு நகர்த்தியது. தான் நின்ற இடத்தில், அந்த அமைதியில், என்ன இருந்தது என்று தெரியாமல் இன்னொரு முறை அதற்குள் போக அவளால் முடியவில்லை.

வலது காதில் ஸ்ஸ்ஸ். கதவு திறந்த நேரம். அவள் பேசியது இதில் இருக்காது. அது சுத்தமான குரல், நீக்கப்படாது. இருக்கக்கூடாது.

யார்கூடப் பேசற.

மெதுவாக. உதடு பிரியாமல். அவள் குரலில், அவள் சொன்ன அதே அளவில், அரை நொடி தள்ளி.

யாருக்கு, கரடிக்கா.

பக்கத்திலிருந்து. மைக்குக்கு மிகப் பக்கத்திலிருந்து. அப்படியென்றால் கட்டிலுக்கு மேலே. அவள் குனிந்து நெற்றியைத் தொட்டபோது அவள் தலைக்கு நேராக.

உனக்கே ழ இப்பதான்டி வந்துது. ழ சரியாக வந்திருந்தது.

எனக்குக் கேக்கும்.

கதவு சாத்திய நேரம். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே குரல், இந்த முறை முணுமுணுப்பில்லாமல், சமையலறையிலிருந்து கூப்பிடும் அம்மாவின் சாதாரணக் குரலில், "போயிடுச்சு" என்றது.

ஃபைலின் கடைசிக்கு இழுத்தாள். இந்த நிமிடம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் முனைக்கு. வலது காதும் இடது காதும் ஒரே நேரத்துக்கு வந்தன. நான்கு மாதத்தில் முதல் முறையாக அந்த அறையில் நடக்கும் பேச்சை முழுதாகக் கேட்டாள்.

"அது மறுபடி வரும்," என்றது வலது காது. "கதவு வழியா வரும். பயப்படக்கூடாது, சரியா?"

"அது உன்ன மாதிரியே இருக்குமாம்மா?" என்றாள் வாலு இடது காதில்.

"அப்படியே இருக்கும்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"சுலபம் கண்ணு. நான் சொன்னப்புறம்தான் அது சொல்லும்."

"சரிம்மா."

"வரைஞ்சது போதும். எழுந்து வா. அம்மா தூக்கிக்கறேன்."

கட்டில் கிறீச்சிட்டது. இடது காதில். சின்னக் கால்கள் தரையில் இறங்கும் சத்தம்.

ஹெட்ஃபோன் எங்கே விழுந்தது என்று தெரியாது. நாற்காலி சாய்ந்தது. நடைவழி. எட்டு அடி. சுவரில் தோள் மோதியது. கதவின் பிடி வியர்த்த கையில் வழுக்கியது, திரும்பவில்லை, திரும்பியது.

உள்ளே இருட்டு. மழையின் சத்தம். மெழுகுக் குச்சியின் வாசனை. கட்டில் காலி. பாதி பச்சை அடித்த வீடு போர்வைமேல்.

வாலு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். முகம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

வாலு, இங்க வா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வாலு, இங்க வா," என்றது அவள் குரல், அந்த மூலையிலிருந்து.

"வாலு, இங்க வா," என்றாள் அவள்.

வெறுங்காதில் கேட்டது. ஒருமுறை கேட்டுவிட்டதைக் காது மறுபடி எடுத்துப் போடவில்லை. இனி எடுக்காது.

"நான்தான் அம்மா," என்றது மூலை.

"நான்தான் அம்மா." அவள்.

"அது பொய் சொல்லுது, கேக்காத."

"அது பொய் சொல்லுது, கேக்காத." தன் வாயிலிருந்து வருவதே எதிரொலி போல இருந்தது. ஓடியதில் மூச்சு வாங்கியது, வார்த்தை உடைந்தது. மூலையில் இருந்தது உடையவில்லை. நாற்பது நிமிடம், நான்கு மாதம் பழகிய குரல்.

வாயை இறுக மூடிக்கொண்டாள். பேசாவிட்டால் அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. உதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டு ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி.

"பாத்தியா கண்ணு," என்றது அவள் குரல், கனிவாக. "நான் சொல்லித்தரலன்னா அதுக்குப் பேச்சே வராது."

வாலு அவளைப் பார்த்தாள். தெருவில் தெரியாத நாயைப் பார்க்கும்போது அந்தக் கண்களில் வரும் அதே பார்வை. பிறகு முகத்தை மேலே திருப்பி, ரகசியம் சொல்வது போல, "நீ சொன்ன மாதிரியே அது வந்திருக்கும்மா," என்றாள்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். குழந்தையின் முகம் தன் முகத்துக்கு நேரே, தன் உயரத்தில் இருந்தது. கால்கள் தரையில் இல்லை. இரண்டு முழங்கால்களும் மடங்கி, யாருடைய இடுப்பையோ கவ்விக்கொண்டிருப்பது போல வெறும் காற்றின் இரண்டு பக்கமும் தொங்கின. ஒரு கை வளைந்து ஒரு கழுத்தைச் சுற்றியிருந்தது. கன்னம் ஒரு தோளில் சாய்ந்து நசுங்கியிருந்தது. அங்கே தோள் இல்லை. நெற்றியில் கலைந்து கிடந்த முடி தானாக எழுந்து, பின்னால் போய், மெதுவாகப் படிந்தது. மறுபடி எழுந்து, மறுபடி படிந்தது. அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறவர்கள் ஆட்டுவது போல, குழந்தை முழுவதுமாக, இப்படியும் அப்படியும் லேசாக அசைந்துகொண்டிருந்தாள். கண்கள் சொக்கிக்கொண்டு வந்தன.